ஒன்பது போதாது

அமெரிக்க வரைபடத்தின் நட்டநடுவில், விமானத்தில் போகிறவர்கள் தூங்கிக்கொண்டே தாண்டிவிடும் இடத்தில், நெப்ராஸ்கா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. சோளம், மாடு, காற்று. ஜனத்தொகை சுமார் 20 லட்சம். தொழில்முறை ஃபுட்பால் அணி கிடையாது. பேஸ்பாலிலும் கூடைப்பந்திலும்கூட பெரிய லீக் அணி கிடையாது. இருப்பதெல்லாம் லிங்கன் நகரத்தில் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் டீம் ஒன்றுதான். சனிக்கிழமை மேட்ச் என்றால் 85,000 பேர் சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு மெமோரியல் ஸ்டேடியத்தில் போய் உட்காருகிறார்கள். அன்றைக்கு மட்டும் அந்த ஸ்டேடியம்தான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் என்பார்கள். (மிகையில்லை. ஒமாஹா, லிங்கன் இரண்டையும் விட்டால் கணக்கு சரியாகவே வருகிறது.)

இந்த ஃபுட்பால் நாம் காலால் உதைக்கிற சமாசாரம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, எறிவது, ஓடுகிறவனைப் பத்துப் பேராகச் சேர்ந்து சாய்ப்பது. இதற்குமேல் விதிமுறை இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.

லிங்கனில் என் சிநேகிதர் மகன் வேலை பார்க்கிறான். அவன் வீட்டில் சில வாரம் தங்கியபோது பக்கத்து வீட்டுக்காரர், ரிட்டயர்டு ஸ்கூல் வாத்தியார், மாலையில் வந்து உட்காருவார். மனுஷர் பேச ஆரம்பித்தால் ஃபுட்பால்தான். அவரிடம் கேட்டது பாதி, அப்புறம் தேடிப் படித்தது பாதி. கொஞ்ச நாளில் ஒன்று புரிந்தது. தோற்ற வருடங்களைப் பற்றி ரசிகர்கள் சொல்லும் கதைகள் தனி இலக்கிய வகை. அதற்கென்று இலக்கணம், வர்ணனை, வில்லன் எல்லாம் இருக்கின்றன. புத்தகத்துக்கு விமரிசனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம். இதற்கு ஏன் எழுதக்கூடாது?

முதலில் கதைச் சுருக்கம். 1962ல் பாப் டெவேனி கோச்சாக வந்தார். அதற்குமுன் ஐந்து வருடம் பில் ஜென்னிங்ஸ் காலத்தில் 15 வெற்றி, 34 தோல்வி. டெவேனி தலைகீழாக மாற்றினார். 1970, 71 இரண்டு வருடமும் தேசிய சாம்பியன். 1973ல் அவருடைய உதவியாளர் டாம் ஆஸ்போர்ன் பொறுப்பேற்றார். 25 வருடம், 255 வெற்றி, 49 தோல்வி, 3 டிரா. கடைசி ஐந்து வருடத்தில் 60 ஜெயித்து மூன்றே மூன்று தோற்றார்கள். 1994, 95, 97ல் சாம்பியன். (97ல் மிஷிகனோடு பங்கு.) இதெல்லாம் விக்கிரகம் மாதிரி. கும்பிடலாம், ரசிக்க முடியாது. வெற்றிக் கதைகளை ரசிகர்கள் சொல்லும்போது சுவாரசியமே இருப்பதில்லை. நாலு பேர் சொன்னாலும் ஒரே கதை.

ஆஸ்போர்னின் கணக்கில் ஒரு சின்ன விஷயம்தான் பின்னால் வரும் வினைக்கெல்லாம் விதை. 25 வருடத்தில் ஒரு வருடம்கூட அவர் ஒன்பது மேட்ச்சுக்குக் குறைவாக ஜெயித்ததில்லை. ஒன்பது என்பது அந்த ஊரில் ரேஷன் அரிசி மாதிரி ஆகிவிட்டது. வரும், வரணும், வராவிட்டால் கூப்பாடு.

1998ல் ஃப்ராங்க் சோலிச் வந்தார். இவர் டெவேனியிடம் ஆடியவர், ஆஸ்போர்னிடம் பல வருடம் உதவி கோச்சாக இருந்தவர், அந்த வீட்டுப் பிள்ளை. 1999ல் 12 ஜெயித்து ஒன்று தோற்றார். 2001 சீசனில் தேசிய இறுதி மேட்ச் வரை போய் மயாமியிடம் 37-14 என்று அடி வாங்கினார். 2002ல் 7-7. ஏழு வெற்றி, ஏழு தோல்வி. 1961க்குப் பிறகு இப்படி ஒரு வருடம் அந்த ஊர் பார்த்ததில்லை. முணுமுணுப்பு வந்தது. சோலிச் உதவி கோச்சுகளை மாற்றினார். 2003ல் 9-3 வந்தது. கடைசி லீக் மேட்ச்சில் கொலராடோவை ஜெயித்தார்கள். மறுநாள் விளையாட்டுத் துறை டைரக்டர் ஸ்டீவ் பெடர்சன் சோலிச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஒன்பது ஜெயித்தவரை! பெடர்சன் சொன்ன காரணம், இந்த டீம் சுமாராகிப் போவதை அனுமதிக்க மாட்டேன் என்பது. அந்த ஸ்டேடியத்தின் சுவரில் 1920களில் ஒரு தத்துவப் பேராசிரியர் எழுதித் தந்த வாசகம் பொறித்திருக்கிறது. பெருமை வெற்றியில் இல்லை, செயலில் என்று அர்த்தம். கீதை படித்தவர்கள் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். பெடர்சன் தினம் அந்தச் சுவரைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போயிருப்பார்.

புது ஆள் கிடைக்க நாற்பது நாள் ஆயிற்று. வந்தவர் பில் காலஹான். தொழில்முறை லீகில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியை சூப்பர் பவுல்வரை கொண்டுபோனவர். ஓடி ஓடி ஜெயித்த ஊரில் எறிந்து ஜெயிக்கிற பாணியைக் கொண்டுவந்தார். 2004ல் 5-6. சீசன் முடிவில் அழைப்பின் பேரில் ஆடும் பவுல் மேட்ச்சுக்கு 35 வருடம் விடாமல் போய்க்கொண்டிருந்தவர்கள் அந்த வருடம் வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்தார்கள். டெக்ஸஸ் டெக் 70-10 என்று வெளுத்தது. 2007ல் கான்ஸஸ் 76-39. இந்த இரண்டு ஸ்கோரையும் ரசிகர்கள் அப்படியே ஒப்பிப்பார்கள். யார் மகளுக்கு என்றைக்குக் கல்யாணம் என்பது மறக்கும், 76-39 மறக்காது.

ரசிகர்களின் கதைகளில் காலஹான் பகுதிதான் அதிகம் சொல்லப்படுவது. எனக்கு அது அவ்வளவு உசத்தியாகப் படவில்லை. ஒப்பாரி கேட்டிருப்பீர்கள். செத்தவரைப் புகழ ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி வீட்டுக்கு வந்த மருமகளைத் திட்டுவதில் முடியும். காலஹான் அந்த மருமகள். வெளியூர்க்காரர், பாஷை வேறு, சமையல் வேறு. எளிதான வில்லன். கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் பாதி விஷயம் விட்டுப்போகிறது.

எதெல்லாம் விட்டுப்போகிறது? கல்லூரி அணிகள் இத்தனை பேருக்குத்தான் ஸ்காலர்ஷிப் தரலாம் என்று உச்சவரம்பு 1970களில் வந்தது. 105 என்று ஆரம்பித்து 95 ஆகி, 1994ல் 85க்கு இறங்கியது. பெரிய அணிகள் நல்ல பையன்களையெல்லாம் மூட்டை கட்டி வைக்க முடியாமல் போயிற்று. 1984ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் டி.வி. ஒளிபரப்பின் மேலிருந்த மத்தியக் கட்டுப்பாட்டை உடைத்தது. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் டி.வி.யில் வந்தார்கள். ஃப்ளாரிடா பையனுக்குப் பனி கொட்டும் லிங்கனுக்குப் போனால்தான் பேர் கிடைக்கும் என்ற நிலைமை இல்லை. 1996ல் பிக் 12 லீக் அமைந்ததும் வருடா வருடம் ஓக்லஹோமாவோடு மோதிய பழைய பகை இரண்டு வருடம் ஆட்டம், இரண்டு வருடம் விடுமுறை என்று சுருங்கியது. 2011ல் லீகையே விட்டு பிக் டென்னுக்குப் போய்விட்டார்கள். 20 லட்சம் பேர் உள்ள மாநிலம் இத்தனையையும் தாண்டி எப்படி ஜெயிப்பது? இந்தக் கேள்வியைப் பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் வைத்தேன். யோசித்தார். 'அது சரிதான், ஆனா காலஹான்...' என்று மறுபடி ஆரம்பித்தார்.

இன்னொன்று, இலக்கணம் சம்பந்தப்பட்டது. இந்தக் கதைகளில் ஜெயித்தால் 'நாங்க.' தோற்றால் 'அவன்.' '95ல நாங்க ஒண்ணுகூடத் தோக்கல.' '2007ல அவன் எழுபத்தாறு விட்டுக்கொடுத்தான்.' உட்கார்ந்திருந்தது அதே சீட்டில்தான்.

காலஹானும் பெடர்சனும் 2007லேயே போனார்கள். அடுத்து போ பெலினி. கோபக்காரர். மைதான ஓரத்தில் அவர் கத்துவதைப் பார்த்தால் குழந்தைகள் அழும். ஏழு சீசனிலும் ஒன்பது அல்லது பத்து வெற்றி. ஏழு சீசனிலும் சொல்லிவைத்த மாதிரி நான்கு தோல்வி. 2009 லீக் இறுதி மேட்ச்சில் டெக்ஸஸுக்கு எதிராக 12-10 என்று முன்னால் இருந்தபோது கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது. நெப்ராஸ்காக்காரர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார்கள். நடுவர்கள் வீடியோ பார்த்து, இல்லை, இன்னும் ஒரு விநாடி இருக்கிறது என்று திருப்பி வைத்தார்கள். அந்த ஒரு விநாடியில் டெக்ஸஸ் ஒரு கிக் அடித்து 13-12. இதைச் சொல்லும்போது மட்டும் எல்லோருமே கலைஞர்களாகிவிடுகிறார்கள். குரல் இறங்குகிறது, கை நிற்கிறது. ஏனென்றால் இதில் திட்டுவதற்கு ஆள் இல்லை, விநாடிதான் இருக்கிறது.

பெலினி ரசிகர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டிய ஒலிப்பதிவு ஒன்று 2013ல் வெளியே கசிந்தது. அதைப் பலர் மன்னித்தார்கள் என்று கேள்வி. ஒன்பதை மன்னிக்கவில்லை. 2014ல் 9-3 எடுத்த கையோடு அனுப்பப்பட்டார். கவனியுங்கள், பதினொரு வருட இடைவெளியில், அதே எண்ணில், அதே ஊர், இரண்டாம் முறை. வெளியே இருந்து பார்ப்பவனுக்குத் தூக்கிவாரிப் போடும் இடம் இது. ஆனால் இதை மட்டும் யாரும் கதையாகச் சொல்வதில்லை.

மைக் ரைலியை வேகமாகத் தாண்டிவிடலாம். நல்ல மனிதர், 19-19.

2018ல் ஸ்காட் ஃப்ராஸ்ட். வுட் ரிவர் என்ற சின்ன ஊர்க்காரர். 97 சாம்பியன் அணியின் குவார்ட்டர்பேக். முந்தைய சீசனில் சென்ட்ரல் ஃப்ளாரிடாவை 12-0 வரை கொண்டுவந்து வைத்திருந்தார், பவுல் மேட்ச்சையும் சேர்த்து 13-0. மண்ணின் மைந்தன் திரும்பி வருகிறான் என்று ஊரே திரண்டது. முதல் ஆறு மேட்ச்சும் தோல்வி. 2021ல் 3-9. அந்த ஒன்பது தோல்வியும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில். (ஒன்பது இங்கேயும் வந்துவிட்டது, வேறு வேஷத்தில்.) 2022ல் டப்ளினில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 28-17 என்று முன்னால் இருக்கும்போது, யாரும் கேட்காமல், பந்தைத் தானே பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு குட்டிக் கிக் அடிக்கச் சொன்னார். பந்து எதிரியிடம் போனது. மேட்ச் 31-28 என்று போனது. இரண்டு வாரத்தில் ஜார்ஜியா சதர்னிடம் உள்ளூரிலேயே 45-42. மறுநாள் வேலை போயிற்று. அக்டோபர் முதல் தேதி வரை பொறுத்திருந்தால் கொடுக்க வேண்டிய நஷ்டஈடு 15 மில்லியன் டாலரிலிருந்து பாதியாகியிருக்கும். மூன்று வாரம் பொறுக்க முடியவில்லை. மொத்தக் கணக்கு 16-31.

என் அபிப்பிராயத்தில் இந்த ஃப்ராஸ்ட் கால கதைகள்தான் மொத்தத்திலும் உசத்தி. காரணம், மருமகளைத் திட்டலாம், பெற்ற பிள்ளையை எப்படித் திட்டுவது? வில்லன் இல்லாமல் கதை சொல்ல வேண்டிய கட்டாயம். அப்போதுதான் ரசிகர்களுக்கு நகைச்சுவை வந்தது. எந்த மேட்ச்சில் எப்படித் தோற்றோம் என்று மாலை கோத்த மாதிரி சொல்லிவிட்டுத் தாங்களே சிரிக்கிறார்கள். 'நாங்க' என்ற வார்த்தை தோல்வியிலும் வர ஆரம்பித்தது. 1962 நவம்பரிலிருந்து அந்த ஸ்டேடியத்தில் டிக்கெட் மீந்ததில்லை என்று ஒரு பெருமை. 2021ல் மீந்தது. நன்கொடையாளர்கள் வாங்கி வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்து அந்தக் கணக்கைக் காப்பாற்றினார்கள். இதையும் மறைக்காமல் சொல்கிறார்கள்.

2017 முதல் 2023 வரை ஏழு வருடம் தொடர்ந்து ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். 2024ல்தான் மறுபடி ஒரு பவுல் மேட்ச்சுக்குப் போய் பாஸ்டன் காலேஜை 20-15 என்று ஜெயித்தார்கள். 2022 கடைசியில் வந்த மாட் ரூல் என்ற புது கோச் ஒரு காரியம் செய்தார். 2023 ஏப்ரலில், சீசனுக்கு முந்தைய காட்சி ஆட்டத்துக்கு சோலிச்சை அழைத்து கௌரவித்தார். 2003ல் போன மனிதர். இடையில் ஒஹாயோ பல்கலைக்கழகத்துக்குப் போய் பதினாறு சீசன் வேலை பார்த்து, மிட்-அமெரிக்கன் லீகின் சரித்திரத்திலேயே அதிகம் ஜெயித்த கோச் என்று பேர் வாங்கி ரிட்டயராகிவிட்டார். 78 வயது. ஸ்டேடியம் கை தட்டியது.

அன்றைக்கு வாத்தியாரும் ஸ்டேடியத்தில் இருந்தாராம். எழுந்து நின்று தட்டினாராம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றார். நான் சும்மா இருக்கலாம் இல்லையா? வாய் இருக்காது. 2003ல் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார்.

'ரேடியோ நிகழ்ச்சிக்கு ஃபோன் பண்ணினேன்' என்றார். 'ஒன்பதெல்லாம் போதாது, ஆளை மாத்துங்கன்னு. ரெண்டு தடவை.'