உக்காருங்கக்கா: ‘அங்காடித் தெரு’வில் இல்லாத நாற்காலி

ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண் ஒரு நாளில் அதிகம் சொல்லும் சொல் ‘உக்காருங்கக்கா’ என்பதுதான். பதினான்கு மாதம் அதைச் சொன்னவள் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, அக்காவின் கல்யாணக் கடனுக்காக, தென்மாவட்ட நகரம் ஒன்றில் பெரிய கடையில் சேலைப் பிரிவில் சேர்ந்தேன். காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் இரவு பத்துக்குத்தான் இறங்குவோம். வாடிக்கையாளர்களுக்கு வரிசையாக நாற்காலிகள் கிடந்தன. எங்களுக்கு ஒன்றுகூட இல்லை. கீழ்த்தட்டிலிருந்து சேலை எடுக்கும் சாக்கில் அரை நிமிடம் குந்துவோம். அதையும் கேமரா பார்த்தது. கழிப்பறை இரண்டு மாடி கீழே. போய்வரக் கணக்கு இருந்ததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம். எங்களில் மூத்த அக்கா ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தது. சேலையை இழுத்து மூடிக்கொண்டு அவர் நின்றார்.

எங்கள் தளத்தில் முப்பது பேரில் இருபத்தைந்து பேர் பெண்கள். பணியிடத்தில் பன்முகத்தன்மை என்பது தலையை எண்ணுவதுதான் என்றால் அந்தக் கடைக்கு விருதே கொடுக்கலாம். ஆயுதபூஜை அன்று முதலாளி அண்ணாச்சி, ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று பேசுவார். குடும்பத்தில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசியாக உட்காருகிறவள் யார் என்று நமக்குத் தெரியாதா?

இந்த அனுபவத்தோடுதான் 2010-இல் வசந்தபாலன் இயக்கிய ‘அங்காடித் தெரு’வைப் பார்த்தேன். சென்னை ரங்கநாதன் தெருவின் பெரிய கடையொன்றில் வேலைக்கு வரும் லிங்கம், அங்கே ஏற்கனவே வேலை பார்க்கும் கனி, இருவருக்கும் இடையிலான காதல். ஜெயமோகன் வசனம். திரையரங்கில் நான் அழுதேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் உடம்பைத் தமிழ் சினிமா அவ்வளவு நெருக்கமாகக் காட்டியது அதுவே எனக்கு முதல்முறை. நெருக்கியடித்துத் தூங்கும் விடுதியும் அவசரமாக விழுங்கும் சோறும் கண்காணிப்பாளன் கருங்காலியின் கையும் நாக்கும் எதுவும் மிகையில்லை. கருங்காலி தன் உடம்பில் கைவைத்தபோது பேசாமல் நின்றதாகக் கனி சொல்கிற காட்சி இன்றும் நெஞ்சை அறுக்கிறது. நிற்பது எங்கள் வேலையாக மட்டும் இருக்கவில்லை. எங்களுக்குப் பழக்கப்படுத்தப்பட்ட அடக்கமாகவும் இருந்தது. இதைப் புரிந்துகொண்ட படம் அது.

பின்னாளில் வகுப்பில் பாடம் நடத்துவதற்காக மீண்டும் பார்த்தபோதுதான் முடிவு என்னை உறுத்தத் தொடங்கியது. வேலையை இழந்த இருவரும் நடைபாதையில் தூங்கும் இரவில், வாகனம் ஏறிக் கனி தன் கால்களை இழக்கிறாள். லிங்கம் அவளைக் கைவிடாமல் மணக்கிறான்.

நின்றே தேய்ந்த பெண்களைப் பற்றிய படத்தில் நாயகியின் கால்கள் போகின்றன. ஆனால் அவற்றைப் பறிப்பது கடை அல்ல, ஒரு விபத்து. நாள்தோறும் பன்னிரண்டு மணிநேரம் நின்றதில் மெதுவாகக் கெட்டுப்போகும் கால்களைக் கதை பின்னுக்குத் தள்ளிவிட்டது. நரம்பு சுருள்வதற்கு ஆண்டுகள் ஆகும். அதில் திடுக்கிடல் இல்லை. விபத்துக்கு ஒரு நொடி போதும். ஆனால் விபத்து நடந்தவுடன் குற்றவாளி மாறிவிடுகிறான். கேள்வி முதலாளியை விட்டு விதியிடம் போய்விடுகிறது. கூடவே கனியின் கதை லிங்கத்தின் நல்ல மனசைப் பற்றிய கதையாகவும் ஆகிவிடுகிறது. கால் இழந்தவளை ஏற்றுக்கொண்ட ஆண் என்று நாம் கண்ணீரோடு எழுந்து வருகிறோம். மாற்றுத்திறனாளியான பெண்ணுக்கு இந்தச் சமூகத்தில் இடம் உண்டா என்ற கேள்விக்குப் படம் தரும் பதில், ஒரு ஆணின் அன்பு. அன்பு பெரிதுதான். ஆனால் அவளுக்கென்று ஓர் உரிமை இருக்கிறதா?

படத்தைக் குறை சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் இன்னொரு கதையை நடத்திக்கொண்டிருந்தார்கள். தையல் வேலை செய்த விஜியும் தோழிகளும் ‘பெண்கூட்டு’ என்று ஒன்றுசேர்ந்து முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு கேட்டது உட்காரும் உரிமை. திருச்சூரில் ஜவுளிக்கடைப் பெண்கள் ‘இரிக்கல் சமரம்’ என்று போராட்டத்துக்கே உட்காருவதன் பெயரை வைத்தார்கள். 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அந்தப் பெண்களை யாரும் மீட்க வரவில்லை. ஒரு கடைப்பெண்ணின் வலி இன்னொருத்தியின் வலியோடு சேர்ந்து கோரிக்கையாவதை ‘அங்காடித் தெரு’வில் நான் தேடினேன். அங்கே ஒவ்வொருத்தியும் தனித்தனியாகத்தான் உடைகிறாள்.

தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் வந்தது. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு இடையே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது பயன்படுத்திக்கொள்ள எல்லாப் பணியாளர்களுக்கும் ஏற்ற இருக்கை வேண்டும் என்கிறது அது. ஆலைத் தொழிலாளருக்கு இதே போன்ற வசதியை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதன் 44-ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. கடையில் நிற்பவர்களுக்கு அது வந்து சேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சிரித்தபடி சேலை விரிப்பதை உழைப்பு என்று ஒப்புக்கொள்ளவே அவ்வளவு காலம் பிடித்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

அந்தச் சட்ட வாசகத்தையும் நாம் கவனமாகப் படிக்க வேண்டும். ‘வாய்ப்புக் கிடைக்கும்போது’ உட்காரலாம். வாய்ப்பு எது என்று முடிவுசெய்வது யார்? சென்ற தீபாவளிக்கு முன் ஒரு கடையில் சேலை எடுக்கப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று இருந்தது. அதன் மேல் சேலைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

‘உக்காருங்கக்கா’ என்றாள் அந்தப் பெண்.

‘நீ உக்காரும்மா, நான் நின்னே பாக்குறேன்’ என்றேன்.

அவள் சிரித்தாள். ‘கஸ்டமர் இல்லாதப்ப உக்காந்துக்கலாம்க்கா, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.’

‘எப்ப கஸ்டமர் இல்லாம இருப்பாங்க?’

பதில் சொல்லாமல் மேலே கேமரா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த சேலையை விரித்தாள்.

அனைவரையும் உள்ளடக்கிய பணியிடம் என்று இப்போது நிறையப் பேசுகிறோம். மகளிர் தினத்துக்கு ரோஜாப்பூ கொடுக்கிறார்கள், கோலப்போட்டி வைக்கிறார்கள். ஒரு பெண்ணை வேலைக்கு எடுப்பதும் அவளுக்கு உடம்பு இருக்கிறது என்று கணக்கில் எடுப்பதும் வேறுவேறு. கால் வலிக்கும், சிறுநீர் முட்டும், மாதம் ஒருமுறை இரத்தம் போகும். இதையெல்லாம் மறைத்துக்கொண்டால்தான் அங்கே இருக்க முடியும் என்றால் அவள் இன்னும் உள்ளே வரவில்லை.

‘அங்காடித் தெரு’வை என் மாணவிகளுக்குத் தொடர்ந்து காட்டுகிறேன். பார்த்து முடித்ததும் ஒரே ஒரு வேலை கொடுப்பேன்: படத்தில் யார், எப்போது, எங்கே உட்காருகிறார்கள் என்று எழுதி வாருங்கள். அடுத்த வாரம் தாள்களோடு வருவார்கள். அவர்களில் ஒருத்தியாவது தன் அம்மா வேலை பார்க்கும் கடையைப் பற்றியும் சேர்த்து எழுதி வந்திருப்பாள். அந்தத் தாளைத்தான் நான் முதலில் வாசிக்கச் சொல்வேன்.