‘காகித மலர்கள்’ நாவலில் கலப்பு மொழியும் மொழிபெயர்ப்பும்

ஆதவனின் ‘காகித மலர்கள்’ (1977), பெருநகர வாழ்வைப் பொருளாகக் கொண்ட தமிழ் நவீனத்துவ நாவல்களுள் குறிப்பிடத்தக்கது. தில்லியில் வாழும் அரசு அதிகாரி பசுபதி, அவர் மனைவி பாக்கியம், மகன்கள் விசுவம், செல்லப்பா, பத்ரி ஆகியோரைச் சுற்றி அது அமைந்துள்ளது. இவர்கள் ஒவ்வொருவரும் பிறர் பார்வைக்கேற்ற வேடமொன்றைத் தாங்குகின்றனர். காதலும் மணவுறவும்கூட அவ்வேடங்களின் வழியாகவே நிகழ்கின்றன. இவ்வேடம் உளவியல் நோக்கில் எளிதில் விளக்கத்தக்கது. ஆயின் அது பெரிதும் மொழியால் ஆனது என்பதும், மொழிபெயர்ப்பில் முதலில் சிதைவது அதுவே என்பதும் தனியே ஆராயத்தக்கவை.

1. காதலைக் குறிக்கும் சொல்

தமிழ் இரட்டை வழக்கு மொழி. ‘காதலி’ என்னும் வினை எழுத்து வழக்கிலும் பாடலிலும் திரைப்படத்திலும் இயல்பாக வரும். வீட்டுப் பேச்சில் ஒருவர் ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்றால் அது வசனம் போல ஒலிக்கும். பேச்சு வழக்கில் ‘பிரியம்’, ‘ஆசை’ ஆகிய சொற்கள் உண்டு. ஆனால் அவை தாய்க்கும் குழந்தைக்கும் உணவுக்கும் ஊருக்கும் பொதுவானவை. இந்த இடைவெளியில்தான் ‘லவ் பண்ணு’ என்னும் தொடர் நுழைகிறது. ஆங்கிலச் சொல் பொருளைத் தர, ‘பண்ணு’ என்னும் வினையாக்கி காலத்தையும் திணை, பால், எண், இட விகுதிகளையும் ஏற்கிறது.

இதனால் நகரத்துப் படித்த இளைஞனுக்கு ஓர் இக்கட்டு நேர்கிறது. ‘காதல்’ என்றால் அவன் திரைப்பட நாயகனாகிறான். ‘லவ்’ என்றால் நாகரிகன் ஆகிறான். வேடமற்ற சொல் அவனுக்கு வாய்ப்பதில்லை. தன் உணர்வு மெய்யா நடிப்பா என்று ஆதவனின் பாத்திரங்கள் ஓயாது ஐயுறுவதற்கு இம்மொழிநிலையும் ஒரு காரணமாகும்.

2. பெயர்ப்பில் நேரும் இழப்பு

இத்தகைய உரைநடையை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது, மூலத்தில் துருத்தி நின்ற ஆங்கிலச் சொற்கள் சுற்றியுள்ள ஆங்கிலத்தில் கரைந்துவிடுகின்றன. ஈடுசெய்யும் பொருட்டுச் சில தமிழ்ச் சொற்களைச் சாய்வெழுத்தில் நிறுத்தினால் மதிப்பு தலைகீழாகிறது: மூலத்தில் அணியப்பட்டது ஆங்கிலம், பெயர்ப்பில் விநோதமாகத் தோன்றுவது தமிழ். கணவன் மனைவியை ‘நீ’ என, மனைவி அவனை ‘நீங்கள்’ எனும் ஏற்றத்தாழ்வும் ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைப் பெயரில் மறைந்துவிடும்.

கன்னடத்துக்கோ இந்திக்கோ பெயர்ப்பவருக்கு இவ்விடர் குறைவு. கன்னடத்தின் ‘மாடு’, இந்தியின் ‘கர்னா’ ஆகியன ‘பண்ணு’ போலவே ஆங்கிலச் சொல்லை ஏற்று வினையாக்குகின்றன. முன்னிலையில் கன்னடத்தில் ‘நீனு’, ‘நீவு’ என்னும் இருநிலையும், இந்தியில் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என்னும் மூன்று நிலையும் உள்ளன. ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் நடை வேறுபாட்டையே கருவியாகக் கொள்ளவேண்டும். மூலத்தில் தமிழ் நிற்குமிடத்தில் எளிய குறுஞ்சொற்களையும், ஆங்கிலம் நிற்குமிடத்தில் கடன்வாங்கிய தோற்றமுடைய, தேய்ந்த நாகரிகத் தொடர்களையும் ஆள்வது ஒரு வழி.

3. ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு வாசிப்பு

ஆதவன் நேஷனல் புக் டிரஸ்டில் பணியாற்றியவர். இறுதிக் காலத்தில் அப்பணியின் பொருட்டுப் பெங்களூரில் வாழ்ந்தார். 1987இல் சிருங்கேரியில் துங்கை ஆற்றில் மூழ்கி இறந்தார். அந்நகரின் ஆஸ்டின் டவுனில் வாழும் தமிழ் வாசகர் ஒருவரை எண்ணிப் பார்த்தால், நாவலை நோக்கி வேறொரு வினா எழுகிறது.

ஆஸ்டின் டவுன் பழைய கண்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்தது. 1949இல் ஒரே மாநகராட்சி அமையும்வரை கண்டோன்மென்ட்டும் பழைய நகரமும் தனித்தனி ஆட்சியில் இருந்தன. 1894இல் வெளிவந்த கன்னட–ஆங்கில அகராதியின் ஆசிரியர் கிட்டெல் பெயரால் கிட்டெல் நகர் என்னும் பெயரும் இவ்விடத்துக்கு உண்டு. ஓரிடம் இரு பெயர் தாங்கியும் குழப்பமின்றி இருப்பதுபோல, தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு, ஆங்கிலம் ஆகியன இங்கே அருகருகே வழங்குகின்றன. பெங்களூரெங்கும் கேட்கும் ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்பதும் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க’ என்பதும் ஒரே அச்சில் வார்த்தவை. இதனைச் சொல்பவர் வேடம் தாங்கவில்லை. பேருந்தில் உட்கார இடம் கேட்கிறார்.

கம்பர்ஸும் வில்சனும் 1971இல் வெளியிட்ட குப்வாடு ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. கர்நாடக எல்லையை அடுத்த அந்த மராட்டியச் சிற்றூரில் கன்னடம், மராத்தி, உருது ஆகியவற்றின் தொடரமைப்புகள் பெரிதும் ஒன்றுபட்டபோதும், சொற்களின் வேறுபாடு ஒவ்வொரு குழுவின் அடையாளத்தையும் காத்துநின்றது. எனவே மொழிகள் நெருங்குவது அடையாள இழப்பு ஆகிவிடாது.

‘காகித மலர்கள்’ கலப்பு மொழியைப் போலித்தனத்தின் குறியாக ஆள்கிறது. இது தில்லியின் உயர் நடுத்தர வகுப்புக்குப் பொருந்தும். அங்கே ஆங்கிலம் பதவிக்கும் மதிப்புக்கும் உரிய மொழி. இதனைப் பொதுவிதியாக்கினால் தமிழகத்துக்கு வெளியே பிழைப்புக்காகப் பன்மொழி பேசும் தமிழர் அனைவரும் முகமற்றவர் ஆகிவிடுவர். நாவலே இவ்விதிக்கு முழுதும் உடன்படுவதில்லை. பாத்திரங்கள் தமக்குள் எண்ணும் பகுதிகளிலும், கேட்பார் எவரும் இல்லாதபோதும், ஆங்கிலச் சொற்கள் வருகின்றன. முகமூடியைக் கழற்றிய பின்னும் மொழி கலந்தே இருக்கிறது. போலித்தனம் கலப்பில் இல்லை, கலப்பதன் நோக்கத்தில் உள்ளது என்பதே இதனால் பெறப்படும்.

ஆகவே இந்நாவலைப் பெயர்ப்பவர் ஆங்கிலச் சொற்கள் அனைத்தையும் ஒரே தன்மையனவாகக் கொள்ளலாகாது. பிறர் காதுக்காக அணியப்பட்ட சொல் எது, பாத்திரம் தன்னுள் எண்ணுகையில் தானே வந்த சொல் எது என இடந்தோறும் பிரித்தறிய வேண்டும். அப்பகுப்பைச் செய்த பின்னரே சொல் தேர்வு தொடங்கலாம்.