அனுப்பியவன் சொல்லும் தூதர் நாவும்

எபிரேய வேதநூல்களில் இறைவன் மனிதர்க்குத் தோன்றியதாகச் சொல்லும் இடங்கள் பல உள்ளன. இப்ராஹீம் (அலை) அவர்களின் கூடார வாசலில் வந்து நின்ற மூன்று மனிதர்கள், யஃகூப் (அலை) அவர்களோடு விடியும்வரை மற்போர் புரிந்த ஒருவர், மூஸா (அலை) அவர்களை அழைத்த முட்செடித் தீ, பாபிலோன் சூளையில் மூவருடன் உலவிய நான்காமவர் ஆகியன அவற்றுள் பெயர்பெற்றவை. இவ்விடங்களுக்குத் தமிழில் இரண்டு ஆயத்த விளக்கங்கள் வழங்கி வருகின்றன. கிறிஸ்தவச் சிற்றேடுகள் இவற்றை, பிறப்பதற்கு முன்பே கிறிஸ்து காட்டிய தோற்றங்கள் என்கின்றன. நம்மவரின் மறுப்பு நூல்களோ, தவ்ராத் திரிக்கப்பட்டதற்கு இதுவே சான்று என்று இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. வாசகத்தைப் படிக்குமுன் தீர்ப்பை எழுதிவிடுவதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர்.

ஈஸா (அலை) அவர்களைக் குறித்து நமது அகீதாவும் கிறிஸ்தவ நம்பிக்கையும் எங்கே பிரிகின்றன என்பது வாசகர்கள் அறிந்ததே. அதை இங்கு மீண்டும் நிறுவ வேண்டியதில்லை. இவ்வாசகங்கள் தம் மொழிமரபின்படி என்ன சொல்கின்றன, அவற்றை எவ்வாறு படிப்பது நேர்மை என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

அன்னை ஹாஜர் (அலை) அவர்களிடமிருந்து தொடங்குவோம். 'யஹ்வேயின் மலாக்' எனப்படும் இறைத்தூதர் எபிரேய வேதத்தில் முதன்முதலாகத் தோன்றுவது ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தில்தான். பாலைவழியில் ஒரு நீரூற்றருகே தனித்திருந்த ஹாஜர் அவர்களுக்கே அத்தோற்றம் கிடைக்கிறது. இச்செய்தி நம் மேடைகளில் ஏனோ பேசப்படுவதில்லை. அங்கே அவ்வானவர், உன் சந்ததியை நான் பெருகச் செய்வேன் என்று தன்மையிடத்தில் பேசுகிறார். ஹாஜர் அவர்களோ, தம்முடன் பேசிய யஹ்வேக்கு, காண்கின்ற இறைவன் என்ற பொருளில் ஒரு பெயர் சூட்டுகிறார்கள். பேசியவர் வானவரா, இறைவனா? சிக்கல் முழுவதும் இந்த ஒரு முடிச்சில் இருக்கிறது.

'மலாக்' என்ற எபிரேயச் சொல்லும் 'மலக்' என்ற அரபுச் சொல்லும் ஒரே வேரின. அரபு அகராதி அறிஞர்கள் 'மலக்' என்பதைச் செய்தி எனப் பொருள்படும் 'அலூகா' என்ற சொல்லோடு இணைத்துக் காட்டுவர். ஆக, அனுப்பப்பட்ட செய்தி என்னும் கருத்து இப்பெயருக்குள்ளேயே உள்ளது. பண்டைய மேற்காசியாவில் அரசனின் தூதன் அரசனின் சொல்லை அரசனாகவே நின்று சொல்வான். 'நான்' என்று அவன் கூறும்போது அவையோர் அவனை அரசனென மயங்கியதில்லை. அரசனின் சொல் தம்மை வந்தடைந்ததில் ஐயுற்றதும் இல்லை. ஹாஜர் அவர்களிடம் பேசியவரின் தன்மையிடச் சொற்களை இம்மரபில் வைத்துப் படித்தால் முடிச்சு பெருமளவு தளர்கிறது.

இவ்விடத்தில் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு ஒரு நுட்பமான வேலை செய்திருக்கிறது. ஹாஜர் அவர்களுக்கும் முட்செடியருகே மூஸா (அலை) அவர்களுக்கும் தோன்றியவரை அது 'கர்த்தருடைய தூதனானவர்' என்கிறது. மத்தேயு முதல் அதிகாரத்தில் மர்யமுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த யோசேப்பின் கனவில் வந்தவரையோ வெறுமனே 'கர்த்தருடைய தூதன்' என்கிறது. மூலமொழிகளில் இந்த மரியாதை வேறுபாட்டுக்கு இடமே இல்லை. ஹாஜர் வரலாற்றின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் மத்தேயுவின் கிரேக்கத்திலும் இருப்பது ஒரே தொடர்தான். 'ஆனவர்' என்ற ஒரு விகுதி, ஒரு தூதனை வணக்கத்துக்குரியவராக உயர்த்தி, இவர் வேறொருவர் என்று வாசகரின் காதில் ஓதிவிடுகிறது. விளக்கவுரையில் வாதிட்டு நிறுவவேண்டியது இலக்கணத்திலேயே முடிந்துபோய்விட்டது. தமிழில் மட்டும் இவ்வேதத்தைப் படிப்பவர், அது மொழிபெயர்ப்பாளரின் முடிவு என்பதை அறிய வழியில்லை.

தூதரின் 'நான்' நமக்குப் புதியதன்று. சூரா மர்யமில் ஜிப்ரீல் (அலை), தாம் இரட்சகனின் தூதர் மட்டுமே என்று சொல்லி, வந்த காரணத்தையும் கூறுகிறார்கள் (19:19). நம் நாட்டில் ஓதப்படும் ஹஃப்ஸ் ஓதலில் அது 'லிஅஹப', அதாவது 'நான் உமக்கு அளிப்பதற்காக' என்றிருக்கிறது. அபூ அம்ரு அவர்களின் ஓதலிலும் நாஃபிஉ வழி வந்த வர்ஷ் ஓதலிலும் அது 'லியஹப', 'அவன் உமக்கு அளிப்பதற்காக' என்று அமைகிறது. இரண்டும் ஏற்கப்பட்ட ஓதல்களே. தூதர் தம்மைத் தூதர் என்று கூறிய அதே மூச்சில், கொடுப்பவனின் வினையைத் தம் வினையாகச் சொல்கிறார். இதைக் கொண்டு எந்த விரிவுரையாளரும் ஜிப்ரீல் (அலை) அவர்களைப் படைப்பாளராக்கவில்லை. ஆதியாகமத்தின் வானவருக்கு மட்டும் இந்த இலக்கணத்தை ஏன் மறுக்கவேண்டும்?

இனி மம்ரே. ஆதியாகமம் 18ஆம் அதிகாரம், யஹ்வே இப்ராஹீமுக்குத் தோன்றினான் என்று தொடங்கி, அடுத்த வசனத்திலேயே மூன்று மனிதர்களைக் காட்டுகிறது. விளிப்பு ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கிறது. விருந்து படைக்கப்படுகிறது, அவர்கள் உண்கிறார்கள். பின்னர் அம்மனிதர்கள் சதூமை நோக்கிப் போக, இப்ராஹீம் (அலை) இறைவனோடு வாதாடுகிறார்கள். 19ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் சதூமை அடைபவர்கள் இரண்டு வானவர்கள். மூன்றிலிருந்து இரண்டைக் கழித்தால் மீதி யார் என்ற கணக்கு இங்கிருந்துதான் பிறந்தது.

அக்கணக்கைக் கிறிஸ்துவின் பெயரில் எழுதியவர்களுள் முதன்மையானவர், இன்றைய நாப்லூஸில் பிறந்து 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய ஜஸ்டின். திரிஃபோ என்ற யூதருடன் தாம் நடத்திய உரையாடலாக அவர் அமைத்த நூலில், கூடார வாசலில் நின்றவர் படைத்தோனாகிய தந்தை அல்லர், அவருக்குக் கீழ்ப்பட்ட வேறொரு 'தேவன்', அவரே பின்னர் கிறிஸ்துவாகப் பிறந்தவர் என்று வாதிடுகிறார். இதில் நாம் கூர்ந்து நோக்கவேண்டியது அவரது முடிவை விட அவரது தொடக்கத்தைத்தான். அனைத்தையும் படைத்தவன் வானங்களுக்கு அப்பாலுள்ள தன் நிலையை விட்டுப் பூமியின் ஒரு மூலையில் வந்து தோன்றினான் என்று அற்ப அறிவுடையவன்கூடச் சொல்லமாட்டான் என்பது அவர் வாதத்தின் அடிப்படை. நம் கலைச்சொல்லில் கூறினால், ஜஸ்டின் தன்ஸீஹிலிருந்து, இறைவனைத் தூய்மைப்படுத்தும் எண்ணத்திலிருந்து புறப்பட்டவர். தோன்றியவன் இறைவனாக இருக்க முடியாது, வாசகமோ தோன்றியவரை இறைவன் என்கிறது, ஆகவே இன்னொருவர் வேண்டும் என்று கணக்கிட்டார். தூதரின் மொழிமரபை விட்டுவிட்டுத் தன்ஸீஹை மட்டும் கையிலெடுத்தால் அது இருமையில் கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நாம் அறியோம்.

இவ்வாதத்தின் விலையைக் கிறிஸ்தவ உலகமே பின்னர் கொடுத்தது. மகன் கண்ணுக்குப் புலப்படுபவர், தந்தை புலப்படாதவர் என்றால் இருவரும் ஒரே இயல்பினர் எப்படி என்று ஆரியஸ் வழியினர் கேட்டனர். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகஸ்டின் திரித்துவம் பற்றிய தம் பெருநூலில் இக்கேள்வியை எதிர்கொண்டு, பண்டைய தோற்றங்கள் வானவர்கள் மூலமாகவும் படைப்புப் பொருள்கள் மூலமாகவும் நிகழ்ந்தவை, எந்த இறைஆளும் தன் இயல்பில் கண்ணுக்குத் தோன்றவில்லை என்ற முடிவுக்கு வந்தார். அப்போஸ்தலர் நடபடிகளிலேயே ஸ்தேவான் முட்செடித் தீயில் தோன்றியவரை வானவர் என்றுதான் குறிப்பிடுகிறார். தமிழ்ச் சிற்றேடுகள் ஜஸ்டினோடு நின்றுவிட்டன; அகஸ்டின்வரை வரவில்லை. (15ஆம் நூற்றாண்டு ரஷ்ய ஓவியர் அந்திரேய் ருப்லேவ் அம்மூவரையும் திரித்துவமாகத் தீட்டிய ஓவியத்தின் புகழுக்கு இதனால் குறைவொன்றும் இல்லை. ஓவியம் வேறு, உரை வேறு.)

யூத அறிஞர்கள் வேறு வழி சென்றனர். பாபிலோனியத் தல்மூத் அம்மூவரும் மீகாயீல், ஜிப்ரீல், ரஃபாயேல் எனப் பெயர் சொல்லி, ஆளுக்கொரு பணியும் வகுக்கிறது. உண்டதைப் பற்றி, உண்பதுபோல் தோற்றமளித்தனர் என்கிறது. யாத்திராகமம் 23இல், தன் பெயர் எவருள் இருக்கிறதோ அந்தத் தூதரை இறைவன் அனுப்புவதாக வரும் இடத்தை வைத்து, அவரையும் வணங்கலாமே என்று ஒருவர் கேட்டதையும், கூடாது என்று மறுக்கப்பட்டதையும் அதே தல்மூத் பதிவு செய்கிறது. வானில் இரண்டு ஆற்றல்கள் உண்டென்போரின் கூற்றை ரப்பிகள் எத்துணைக் கவலையோடு எதிர்த்தனர் என்பதை ஆலன் சீகல் 1977இல் வெளியிட்ட ஆய்வு விரிவாகக் காட்டியது. இவ்வாசகங்களின் சிக்கல் இஸ்லாமியர் கண்டுபிடித்ததன்று. அவற்றைக் காத்து வந்தவர்களே அதனோடு போராடியிருக்கிறார்கள்.

நம் தரப்பில் கொர்டோவாவின் இப்னு ஹஸ்ம் (மறைவு 1064) தம் 'அல்-ஃபிஸல்' நூலில் இவ்விடத்தைக் கடுமையாகச் சாடுகிறார். வானவர் உண்பதா என்ற அவரது கேள்வி கூர்மையானது. திருக்குர்ஆனில் விருந்தினரின் கைகள் பொரித்த கன்றை எட்டவில்லை. அதைக் கண்டுதான் இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு அச்சம் எழுகிறது (11:70). வந்தவர்கள் யார் என்பதை அந்த ஒற்றைச் செயல் உணர்த்திவிடுகிறது. தல்மூத் தோற்றம் என்று சொல்லிச் சமாளித்ததைத் திருமறை வெளிப்படையாகத் தீர்த்துவைக்கிறது எனலாம்.

ஆனால் நான்கு வசனங்கள் தள்ளி இருப்பதையும் படிக்கவேண்டும். லூத் (அலை) அவர்களின் கூட்டத்தாரைக் குறித்து இப்ராஹீம் (அலை) 'நம்மிடம்' வாதாடினார்கள் என்று அல்லாஹ் கூறுகிறான் (11:74). 'நம் தூதர்களிடம்' என்பதே இதன் பொருள் என விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். சூரா அன்கபூத்தில் அவ்வுரையாடல் வானவர்களோடு நடந்ததாகவே வருகிறது (29:31-32). வானவரோடு பேசியது இறைவனோடு பேசியதாகவே எண்ணப்பட்டிருக்கிறது. ஆதியாகமம் 18இன் பிற்பகுதியில் உள்ள வாதமும் இதுவே, இடமும் இதுவே. 'யுஜாதிலுனா' என்ற சொல்லுக்கு மறைந்துள்ள சொல்லொன்றைப் பெய்து பொருள்கொள்ளும் நாம், அதே நிகழ்ச்சியை அதே போக்கில் சொல்லும் எபிரேய வாசகத்தை உருவவழிபாடு என்று எள்ளுவது எந்த நீதியின்பாற்படும்?

முட்செடித் தீயிலும் இதே நிலைதான். யாத்திராகமம் 3இல் தீயில் தோன்றுபவர் வானவர். செடியின் நடுவிலிருந்து அழைப்பவன் இறைவன். சூரா கஸஸில் மரத்திலிருந்து அழைப்பு வருகிறது (28:30). சூரா நம்லில், நெருப்பில் இருப்பவரும் அதைச் சுற்றி இருப்பவரும் பாக்கியமுடையோர் எனப்படுகிறது (27:8). நெருப்பில் இருந்தவர் யார்? இறைவனின் ஒளியையே அது குறிக்கும் என இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் ஓர் அறிவிப்பை இமாம் தபரீ எடுத்துக்காட்டுகிறார். வானவர்கள் என்றும், நெருப்பை நெருங்கிய மூஸா (அலை) என்றும் பிறர் கொண்டனர். அழைப்பை மரத்தில் படைக்கப்பட்ட சொல்லாக முஃதஸிலாக்கள் விளக்கியபோது, அப்படியானால் 'நானே அல்லாஹ்' என்று சொன்னது மரமாகிவிடுமே என்று இமாம் அஷ்அரீ வினவினார். இத்தனை விவாதத்துக்கும் இடந்தரும் அவ்வசனம், அகிலங்களின் இரட்சகனின் தூய்மையைப் போற்றியே முடிகிறது. தோற்றத்தைச் சொல்வதும் தூய்மையைக் காப்பதும் ஒரே வசனத்துக்குள் நிகழ்கின்றன. தவ்ராத்தின் தோற்றங்களைக் கேலிசெய்தே பழகிய மாணவன் ஒருவனிடம் யாரேனும் 27:8ஐக் காட்டினால் அவன் கையில் என்ன விடை இருக்கும்?

மற்றவற்றை விரைந்து கடக்கலாம். யஃகூப் (அலை) மற்போரில் எதிர்கொண்டவர் ஆதியாகமத்தில் மனிதர். ஓசியா 12இல் அவரே வானவர். வேதமே தன்னை விளக்கிக்கொண்ட இடம் அது. தானியேல் 3இல் நான்காம் ஆளின் சாயலைத் தமிழ் வேதாகமம் தேவபுத்திரனுக்கு ஒப்பிடுகிறது. அரமேய மூலத்தில் உள்ளது 'தெய்வங்களின் மகன்' என்ற பொதுவழக்கு. சொல்பவன் சிலைக்கு முன் மக்களைப் பணியச் செய்த அரசன். மூன்று வசனங்களுக்குப் பின் அவனே அதை வானவர் என்கிறான். இதில் கிறிஸ்துவைக் காண்பதற்கு நிறைய முன்முடிவு தேவைப்படும்.

இவ்வாறு படிக்கும்போது நமக்கு உதவும் சொல் திருக்குர்ஆனிலேயே உள்ளது. மர்யம் (அலை) அவர்களிடம் ரூஹ் முழுமையான ஒரு மனிதராக 'தமஸ்ஸல' (19:17), அதாவது உருவொப்பில் தோன்றியது. தமஸ்ஸுல் என்பது ஒப்பு; உடலெடுத்தலோ ஒன்றில் குடிபுகுதலோ அன்று. ஜிப்ரீல் (அலை) திஹ்யதுல் கல்பீ (ரலி) அவர்களின் சாயலில் வந்தபோது திஹ்யாவாக மாறிவிடவில்லை.

எனினும் இந்தத் திறவுகோல் எல்லாப் பூட்டுகளையும் திறக்கும் என்று நாம் சொல்லத் துணியவில்லை. யாத்திராகமம் 24இல் எந்த வானவரும் குறுக்கே இல்லை. மூஸா (அலை), ஹாரூன் (அலை) ஆகியோருடன் மலையேறிய எழுபது மூப்பர்கள் இஸ்ராயீலின் இறைவனைக் கண்டார்கள் என்று அது நேராகவே சொல்கிறது. பின்வரும் 33ஆம் அதிகாரமோ, இறைவனைக் கண்டு எந்த மனிதரும் உயிர்வாழ முடியாது என்கிறது. பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே தயங்கி, இறைவன் நின்ற இடத்தைக் கண்டார்கள் என்று மாற்றினர். அரமேயத்தில் பெயர்த்த ஓன்கெலோஸ், இறைவனின் மாட்சியைக் கண்டார்கள் என்றார். திருக்குர்ஆனில் மூஸா (அலை) தேர்ந்தெடுத்த எழுபது பேரை நிலநடுக்கம் பற்றுகிறது (7:155). அதற்குச் சற்று முன்பே இறைவனின் வெளிப்பாட்டால் மலை நொறுங்க, மூஸா (அலை) மூர்ச்சையாகி விழுகிறார்கள் (7:143). எபிரேய மூலமும் கண்டார்கள் என்ற சொல்லுக்குப் பின் முகத்தையோ வடிவத்தையோ வருணிக்கவில்லை. தெளிந்த வானத்தின் நிறத்தில், அவன் பாதங்களின் கீழிருந்த நீலக்கல் தளம் போன்றதொன்றை மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் உண்டு குடித்தார்கள் என்று அடுத்த செய்திக்குப் போய்விடுகிறது.