இரவலரா, எடுத்தாள்வோரா? ‘தி பாரோயர்ஸ்’ திரைப்படத் தலைப்பு குறித்த ஒரு சொற்பொருள் நோக்கு

1. முன்னுரை

மேரி நார்ட்டன் 1952இல் வெளியிட்ட ‘தி பாரோயர்ஸ்’ என்னும் சிறுவர் புதினம் பலமுறை திரைவடிவம் பெற்றுள்ளது. அவற்றுள் ஒன்று பீட்டர் ஹெவிட் 1997இல் இயக்கிய படம். மனிதர் வீட்டில் மறைந்து வாழும் சில அங்குல உயரமே உடைய குடும்பம் ஒன்று, அவ்வீட்டுப் பொருள்களை எடுத்துப் பிழைக்கிறது. அச்செயலை அவர்கள் களவு என்பதில்லை. கடன் வாங்கல் என்கின்றனர். கதையின் நகையும் அறச்சிக்கலும் இவ்வொரு சொல்லிலேயே அடங்கியுள்ளன. எனவே அதனைத் தமிழாக்குவது தலைப்பிடும் வேலை மட்டுமன்று.

2. புதினமும் படமும்

முதற்புதினத்தில் சிறியோரைக் காணும் சிறுவனுக்குப் பெயரில்லை. படமோ அவனுக்கு ‘லெண்டர்’ என்னும் குடும்பப் பெயரைத் தருகிறது. ‘கடன் கொடுப்பவர்’ என்பது அதன் பொருள். வழக்கறிஞர் ஒருவர் மறைக்க முயலும் உயிலைச் சிறியோர் மீட்டுத் தர, லெண்டர் குடும்பம் வீட்டைத் திரும்பப் பெறுகிறது. அதாவது, படத்தில் கடன் தீர்க்கப்படுகிறது. புதினத்தில், ‘இது களவன்றோ’ எனச் சிறுவன் கேட்க, அரியெட்டி சிரிக்கிறாள். மனிதர் இருப்பதே தம் பொருட்டு என்பது அவள் எண்ணம். புதினம் தீர்க்காது விட்ட முரணைப் படம் தீர்த்துவிடுகிறது. காண்போர்க்கு நிறைவு கிடைக்கிறது. சொல்லின் கூர்மை மழுங்குகிறது.

3. தமிழ்ச் சொற்கள்

‘கடன்’ என்பது தமிழில் கடமையையும் குறிக்கும். திருப்பித் தரும் பொறுப்பு அதனுள்ளேயே உள்ளது. ‘இரவல்’ என்பது ‘இர’ என்னும் வினையடியாகப் பிறந்தது. கேட்டுப் பெறுதலை வேண்டி நிற்பது. இரத்தற் சொற்களாகிய ஈ, தா, கொடு என்பனவற்றைக் கேட்போனின் நிலை நோக்கி முறையே இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் கூற்றாகத் தொல்காப்பியம் வகுப்பதும் இவண் கருதத்தக்கது. சிறியோர் எவரிடமும் கேட்பதில்லை. கண்ணிற் படுவதே அவர்க்குக் கேடு.

லெண்டர் என்னும் பெயரின் சிலேடையைக் காக்க விரும்புவோர்க்கு ‘இரவலர் – புரவலர்’ என்னும் பழந்தமிழ் இணை கைகொடுக்கும். ஓசையும் பொருந்தும். எனினும் இரவலர் புரவலன் முன் நின்று பாடிப் பரிசில் பெற்றோர். மறைந்து எடுத்தோர் அல்லர். படத்திற்கு இவ்விணை ஏற்கும், புதினத்திற்கு ஏலாது. புதினத்திற்கு ‘எடுத்தாள்வோர்’ என்பதே தக்கது. எடுத்தலையும் பயன்கொள்ளலையும் கூறி, உடைமை பற்றி அச்சொல் வாய் திறப்பதில்லை.

மனிதரைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரைச் சிறியோர் ‘ஹியூமன் பீன்’ எனத் திரித்து வழங்குவர். அதனை ‘மனித அவரை’ என்பது பயனற்றது. ‘மானிடர்’ என்பதை ‘மாநெடியர்’ எனத் திரித்தால் ஒலிப்பிழையும் சிறியோர் பார்வையும் ஒருங்கே அமையும்.

4. மொழியியலில் இதே சிக்கல்

புதினம் வெளிவருவதற்கு ஈராண்டு முன்பே, 1950இல், ஐனர் ஹாகன் மொழியியலில் ‘கடன்’ என்னும் உருவகம் பொருந்தாமையைச் சுட்டினார். கொடுக்கும் மொழி இசைவதில்லை, அறிவதுமில்லை. கொள்ளும் மொழி திருப்பித் தருவதில்லை. களவு எனலாமெனில், உடையவர் எதையும் இழப்பதுமில்லை. தமிழில் ‘கடன்சொல்’ என்கிறோம். கன்னடத்தில் ‘எரவலு பத’ என்பர். எரவலு நம் இரவலுக்கு உறவுச்சொல். பெங்களூரில் இவ்விரு மொழிகளுக்கிடையே பணியாற்றும் மொழிபெயர்ப்பாளர் ஒரே நிகழ்வைத் தமிழில் கடமையாகவும் கன்னடத்தில் இரத்தலாகவும் பெயரிட நேர்கிறது. இரண்டும் பிறமொழிச் சொல்லை ஆள்வோரைத் தாழ்ந்த நிலையில் நிறுத்துகின்றன. கன்னடச் சொல் கலந்த பெங்களூர்த் தமிழைக் குறையுடையதாகக் கருதும் போக்கிற்கு இப்பெயரீடும் துணைசெய்கிறது எனலாம்.

5. முடிவுரை

படத்திற்கு ‘இரவலர்’, புதினத்திற்கு ‘எடுத்தாள்வோர்’ என இரு தலைப்புகள் இக்கட்டுரையில் பரிந்துரைக்கப்படுகின்றன. ‘கடன்சொல்’ என்பதற்கு ஈடாக ‘எடுத்தாட்சிச்சொல்’ என்பதும் ஆய்வுக்குரியது. அரியெட்டியின் சிரிப்பில் உள்ள நியாயம் மொழிகளுக்கும் உண்டு.