மாதம் பத்துப் பேர் தேடும் சொல்

ஆம்பூர் என்று கூகுளில் தட்டினால் பிரியாணி வருகிறது. வேலூர் என்று தட்டினால் சி.எம்.சி. மருத்துவமனையும் வி.ஐ.டி.யும் கோட்டையும் வருகின்றன. ஐரோப்பியக் கடைகளில் விற்கும் ஷூக்களுக்கு அப்பர் (மேல்பகுதி) தைக்கும் ஊர்கள், தோல் பதனிடும் ஊர்கள் என்ற அடையாளம் அந்த நெரிசலுக்குள் எங்கோ கிடக்கிறது. அதை வெளியே கொண்டுவர ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை கம்பெனிக்காரர்களுக்குச் சொல்லப்படும் யோசனை ஒன்றே: ஓர் எஸ்.இ.ஓ. (தேடுபொறி உகப்பாக்கம்) மென்பொருள் தொகுப்புக்குச் சந்தா கட்டுங்கள். செம்ரஷ், அஹ்ரெஃப்ஸ், மாஸ் என்று பெயர்கள் வேறு. வேலை ஏறத்தாழ ஒன்று. தளத்தில் உள்ள பழுதுகளைக் கண்டுபிடிக்கும். எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று மதிப்பிடும். போட்டியாளரின் தளத்துக்கு யார் யார் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று காட்டும். தேடல் வரிசையில் நம் இடம் ஏறியதா இறங்கியதா என்று அன்றாடம் சொல்லும்.

தேவை உண்மையானது. இந்தத் தொழில் தலைமுறைகளாக ஏஜெண்டுகளையும் கண்காட்சிகளையும் நம்பி நடந்தது. சென்னை நந்தம்பாக்கத்தில் நடக்கும் சர்வதேசத் தோல் கண்காட்சி, மிலானின் லீனியாபெல்லே, ஹாங்காங்கின் ஏ.பி.எல்.எஃப். போன்ற இடங்களில் சரக்கு வாங்கும் பையரை நேரில் பார்த்துச் சாம்பிளைக் கையில் கொடுத்துவிட்டால், இணையதளம் பெயருக்கு இருந்தால் போதும். ஆனால் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களின் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது, அந்த ஒரு சந்தையையே நம்பியிருந்தவர்களின் கணக்கு மாறிப்போனது. முன்பின் அறியாத நாட்டில் முன்பின் அறியாத பையரைத் தேட வேண்டும். அப்படிப்பட்ட பையர் ஸ்டாலுக்கு வருவதற்கு முன்பே கூகுளில் கம்பெனியின் பெயரைத் தேடிப் பார்த்திருப்பார்.

முதலில் இந்தக் கருவியின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். தோல் கம்பெனிகளின் தளங்கள் பலவற்றில் கேட்லாக் முழுவதும் படங்களாகவே கிடக்கிறது. எழுத்தாக ஒரு வரி இல்லை. எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பு. கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய படங்கள், போனில் திறப்பதற்குள் பொறுமையைச் சோதிக்கின்றன. விசாரணைப் படிவத்தை நிரப்பி அனுப்பினால் அது யாருக்கும் போய்ச் சேர்வதில்லை. இத்தனையையும் மென்பொருள் சில நிமிடங்களில் துருவி, எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்தித் தருகிறது. ஆனால் இந்த ஒரு வேலைக்காக மாதம் நூறு டாலருக்கு மேல் கட்டத் தேவையில்லை. கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம். ஸ்க்ரீமிங் ஃப்ராக் என்ற மென்பொருள் 500 பக்கங்கள் வரை காசில்லாமல் சோதித்துத் தரும். ஒரு டேனரியின் (தோல் பதனிடும் ஆலையின்) தளத்தில் ஐம்பது பக்கம் இருந்தாலே அதிகம்.

பணம் கொடுத்து வாங்கத்தக்கது இணைப்புகளைக் காட்டும் பகுதி. கான்பூரிலோ கொல்கத்தாவின் பன்டாலாவிலோ இத்தாலியின் அர்சிஞ்ஞானோவிலோ இருக்கும் ஒரு டேனரியின் தளத்தை எங்கெங்கிருந்து சுட்டுகிறார்கள் என்று அது பட்டியலிடும். டேனரிகளைத் தணிக்கை செய்யும் லெதர் வொர்க்கிங் குரூப்பின் சான்று பெற்றவர்கள் பட்டியல், கண்காட்சிகளில் கடை போட்டவர்களின் பட்டியல், ரசாயன சப்ளையரின் வாடிக்கையாளர் பக்கம், ஒரு தொழில் இதழின் கட்டுரை எல்லாம் அதில் இருக்கும். நமக்கும் உரிமையுள்ள இடங்களில் நம் பெயர் ஏன் இல்லை என்ற கேள்வி உடனே எழும். தோல் ஏற்றுமதிக் கழகத்தில் உறுப்பினராக இருந்தும் அங்கே பதிந்த இணைய முகவரி பழையதாகக் கிடப்பது போன்ற சின்ன விஷயங்கள் இப்படித்தான் பிடிபடும்.

அதே பட்டியல் தவறான ஆசையையும் மூட்டுகிறது. போட்டியாளருக்கு ஆயிரம் இணைப்பு, நமக்கு நாற்பது என்று பார்த்தவுடன் இணைப்புகளை விலைக்கு வாங்கத் தோன்றும். விற்பதற்கும் ஆட்கள் உண்டு. கூகுள் 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்ததே இப்படி இணைப்பு வாங்கிக் குவித்த தளங்களைக் கீழே தள்ளுவதற்காகத்தான். மாஸ் தரும் ‘டொமைன் அத்தாரிட்டி’, அஹ்ரெஃப்ஸ் தரும் ‘டொமைன் ரேட்டிங்’ ஆகியவை அந்தந்த நிறுவனங்கள் தாமே வகுத்துக்கொண்ட மதிப்பெண்கள். கூகுள் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. மாத அறிக்கையில் அந்த எண் 18-லிருந்து 24 ஆனது என்று பச்சை அம்புக்குறி போட்டு வரும்போது, ஒரு சாம்பிள் ஆர்டராவது வந்ததா என்று கேட்கும் உரிமை பணம் கட்டியவருக்கு உண்டு.

என்னுடைய முக்கியமான மறுப்பு தேடல் எண்ணிக்கையைப் பற்றியது. கருவி ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே மாதத்துக்கு இத்தனை தேடல் என்று ஓர் எண்ணைப் போடுகிறது. அது எண்ணிப் பார்த்த எண் அன்று. பல தரவுகளிலிருந்து கணித்த மதிப்பீடு. கூகுளில் ஒரு நாளில் நடக்கும் தேடல்களில் 15 சதவீதம் அதற்கு முன் யாருமே தேடியிராதவை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. அவை எந்தக் கருவியின் கிடங்கிலும் இருக்க வழியில்லை. போதாக்குறைக்கு எண்ணிக்கை நாடுவாரியாகப் பிரிக்கப்பட்டது. பையர் ஜெர்மனியில் இருக்க, இந்தியத் தரவைத் திறந்து வைத்துக்கொண்டு சொல் தேர்ந்தெடுப்பது வீண் வேலை.

லட்சம் பேருக்கு போன் உறை விற்பவருக்கு இந்த மதிப்பீடு போதும். தோல் வியாபாரம் அப்படிப்பட்டதில்லை. ‘ஈ.ஐ. லெதர்’ என்பதை எடுத்துக்கொள்வோம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் பெயரைச் சுமக்கும், தாவரப் பட்டையால் பதனிட்ட தமிழ்நாட்டுத் தோல் அது. புவிசார் குறியீடும் பெற்றது. ஷூவின் உள்பக்கத் தோலுக்கும் புத்தகக் கட்டுக்கும் அதைக் கேட்பவர்கள் உண்டு. உலகம் முழுவதிலும் மாதம் பத்துப் பேர் தேடினால் பெரிது. கருவி அதைப் பட்டியலின் அடியில் தள்ளிவிட்டு, லெதர் வாலட் என்ற சொல்லை மேலே கொண்டுவரும். அந்தச் சொல்லில் போட்டி அமேசானோடும் ஃப்ளிப்கார்ட்டோடும். வென்றாலும் வருகிறவர் ஒரே ஒரு பர்ஸ் வாங்க வருகிறவர். அடியில் கிடக்கும் சொல்லைத் தேடி வரும் பத்துப் பேரில் ஒருவர் கன்டெய்னர் கணக்கில் ஆர்டர் கொடுக்கக்கூடியவர்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. கருவிகள் ஒவ்வொரு தேடலுக்கும் ‘நோக்கம்’ என்று ஒரு முத்திரை குத்துகின்றன: வாங்க வந்தவர், ஒப்பிட வந்தவர், குறிப்பிட்ட தளத்தைத் தேடி வந்தவர், தகவல் அறிய வந்தவர். சந்தைப்படுத்துவோர் முதல் இரண்டு வகையினருக்குப் பக்கம் எழுதுவார்கள். தகவல் தேடி வந்தவரைக் கடைசியில் வைப்பார்கள். நம் பகுதியைப் பொறுத்தவரை அந்தக் கடைசி ஆள்தான் பல சமயம் முடிவெடுக்கிறவர்.

1989 இறுதியில் ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனால் என்ற ரசாயனத்தைத் தடைசெய்தது முதல், தோலில் என்ன ரசாயனம் இருக்கிறது என்பது இங்குள்ள ஏற்றுமதியாளர்களின் அன்றாடக் கவலை. 2015 மே 1 முதல், உடலின் சருமத்தில் படும் தோல் பொருட்களில் குரோமியம் 6 கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டவே கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. பெரிய பிராண்டுகளில் இதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். குரோமியம் 6 எப்படி உண்டாகிறது, எந்த முறையில் சோதிப்பது, பாலாற்றுப் படுகையின் நிலை என்ன என்றுதான் அவர்கள் தேடுவார்கள். அவர்களுக்குக் கிடைப்பது என்ன? முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கிய 1996-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதன் பெயரிலேயே வேலூர் இருக்கிறது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் டேனரிக் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்த செய்தி. பாலாற்று மாசு பற்றி 2025 ஜனவரி 30 அன்று வந்த கடுமையான தீர்ப்பு. இவை யாவும் உண்மை. தேடலில் வர வேண்டியவைதான்.

இந்த இடத்தில் எஸ்.இ.ஓ. யோசனை இரண்டு விதமாகத் தவறாகப் போகிறது. ஒன்று, தகவல் தேடலில் காசில்லை என்று இந்தக் கேள்விகளை அப்படியே விட்டுவிடுவது. மற்றொன்று, பாராட்டுக் கட்டுரைகளைக் குவித்துக் கெட்ட செய்தியை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளுவது. இரண்டாவதை என்னால் ஏற்க முடியாது. பாலாற்றங்கரைக் கிணறுகளில் உப்பேறிய தண்ணீரை இறைத்த விவசாயிகளின் இழப்பைத் தேடல் உத்தியால் மறைப்பது அநீதி. அது வியாபாரத்துக்கும் உதவாது. பிராண்டின் தணிக்கைக்காரர் இரண்டாம் பக்கத்தையும் படிப்பவர்.

கம்பெனி செய்ய வேண்டியது நேரானது. தன் கழிவுநீர் எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, எதிர்ச்சவ்வூடு (ஆர்.ஓ.) முறையில் எவ்வளவு நீர் மீள்கிறது, மிஞ்சும் உப்பு எங்கே சேமிக்கப்படுகிறது, கடைசியாகச் செய்த சோதனையின் முடிவு என்ன என்பதைத் தேதியோடும் எண்களோடும் தளத்தில் எழுத வேண்டும். அந்த வாசகத்தை மென்பொருளால் எழுதித்தர முடியாது. ‘அசல் தோலைக் கண்டறிவது எப்படி’ என்று நூறு கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரே நாளில் தயாரித்துத் தரும். அத்தகைய குவியல்களை 2024 மார்ச் முதல் கூகுள் குப்பை என்றே வகைப்படுத்துகிறது. தேடல் பக்கத்தின் உச்சியில் இப்போது செயற்கை நுண்ணறிவே பதிலைச் சுருக்கித் தருவதால், பொதுவான விஷயத்தை எழுதியவரின் தளத்துக்கு யாரும் வரத் தேவையும் இல்லாமல் போகிறது.

பெரிய பிராண்டுகளுக்கு மட்டும் தைத்துக் கொடுக்கும் கம்பெனிகளுக்கு இந்தச் சந்தா அவசியமே இல்லை என்பது என் முடிவு. பெங்களூரு நெடுஞ்சாலையோரம் ஏற்றுமதியில் மிஞ்சிய ஷூக்களை விற்கும் கடைகளுக்கும் தேவையில்லை. கூகுள் மேப்பில் சரியான இடமும் நேரமும், வாங்கியவர்களின் உண்மையான கருத்துகளும் போதும். சொந்தப் பெயரில் பை, பெல்ட், ஷூ செய்து நாடெங்கும் நேரடியாக விற்கத் தொடங்கியிருக்கும் சிறு முதலாளிகளுக்கு இந்தக் கருவி உண்மையிலேயே கை கொடுக்கும். மக்கள் எந்தப் பெயரில், எந்த விலையில், எந்த மாதத்தில் தேடுகிறார்கள் என்று காட்டி, தவறான சரக்கைத் தைத்துக் குவிக்காமல் காப்பாற்றும்.

எல்லாருக்கும் பொதுவாக இன்னொன்று. தோல் பதனிடுதலின் இரு கட்டங்களான வெட் ப்ளூவுக்கும் க்ரஸ்ட்டுக்கும் வேறுபாடு தெரியாத வெளியூர் ஏஜென்சியிடம் ஆண்டுக் கணக்கில் பணம் கொடுப்பதைவிட, வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியிலோ ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரியிலோ படித்து, வீட்டில் யாராவது டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ போகிற ஒரு பெண்ணையோ பையனையோ மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம். கருவிக்கு இரண்டு மாதம் மட்டும் சந்தா கட்டிப் பழுதுப் பட்டியலையும் இணைப்புப் பட்டியலையும் இறக்கிக்கொண்டு நிறுத்திவிடலாம். மிச்சமாகும் பணத்தில் அந்தப் பிள்ளை எழுதும் சோதனை முடிவுப் பக்கங்களை ஜெர்மனிலும் இத்தாலியனிலும் சரியாகப் பெயர்க்க ஒருவருக்குக் கூலி கொடுக்கலாம்.