கொழும்பில் பதிந்த பெயர் சென்னையில் செல்லுமா?

நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023 ஒக்ரோபர் 14 அன்று பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. தெல்லிப்பழையிலும் அதைச் சுற்றிய வலிகாமம் வடக்கிலும் மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி என்று பைக்கற்றில் அடைத்து விற்பவர்களுக்குத் தமிழ்நாடு பக்கத்துச் சந்தையாகத் தெரிகிறது. பொருள் கடல் தாண்டிவிடும். ஆனால் கொழும்பில் பதிந்த வியாபாரக் குறியின் உரிமை இலங்கைக் கரையோடு நின்றுவிடும். மறுகரைக்கு மறுபடி பதிய வேண்டும், பதிந்ததைப் பேணவும் வேண்டும்.

இலங்கையில் இதை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். இந்தியாவில் 1999ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த வணிகச் சின்னங்கள் சட்டம். இரண்டிலும் பதிவின் ஆயுள் 10 ஆண்டு. கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். மேலோட்டமாகப் பார்த்தால் உடன்பிறப்புகள் போலிருக்கும் இந்தச் சட்டங்கள், நடைமுறையில் வியாபாரியிடம் வேறு வேறு கவனத்தைக் கேட்கின்றன.

விண்ணப்பத்திலிருந்தே தொடங்குவோம். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் ஒவ்வொரு பொருள் வகுப்புக்கும் தனி விண்ணப்பம். மிளகாய்த்தூள் 30ஆம் வகுப்பு, சவர்க்காரம் 3ஆம் வகுப்பு. இரண்டையும் விற்பவர் இரண்டு விண்ணப்பம் போட வேண்டும். இந்தியாவில் பல வகுப்புகளை ஒரே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். கட்டணம் வகுப்புக் கணக்கில்தான். இணையவழி விண்ணப்பத்துக்குத் தனியாளுக்கு 4,500 இந்திய ரூபா, கம்பனிக்குப் பொதுவாக 9,000. குறி வர்த்தமானியில் வெளியானதும் எதிர்ப்புத் தெரிவிக்க இலங்கையில் 3 மாதம். இந்தியாவில் சின்னங்களுக்கென உள்ள இதழில் வெளியானபின் 4 மாதம். வெளிநாட்டவர் இலங்கையில் விண்ணப்பிக்க இங்கு வசிக்கும் முகவர் வேண்டும். இந்தியாவில் அறிவித்தல்களைப் பெற அந்நாட்டு முகவரி வேண்டும். அது சென்னையில் இருந்தால் கோப்பு கிண்டியிலுள்ள பதிவகத்துக்குப் போகும்.

சிறு உற்பத்தியாளருக்குப் பெரிதும் உதவக்கூடியது பாரிஸ் உடன்படிக்கை. இலங்கை அதில் 1952இலும் இந்தியா 1998இலும் சேர்ந்தன. கொழும்பில் விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் இந்தியாவில் விண்ணப்பித்தால், கொழும்புத் திகதியையே முன்னுரிமைத் திகதியாகக் கோரலாம். இடைப்பட்ட காலத்தில் வேறொருவர் அங்கே அதே பெயருக்கு விண்ணப்பித்திருந்தாலும், விண்ணப்ப வரிசையில் நீங்களே முந்தியவர்.

ஒரே விண்ணப்பத்தால் பல நாடுகளைத் தொடும் மாட்ரிட் முறையில் இந்தியா 2013 ஜூலை 8 அன்று சேர்ந்தது. இலங்கை இன்னும் சேரவில்லை. இதன் சுமையை யாழ்ப்பாணத்து வியாபாரிதான் அதிகம் சுமக்கிறார். அவருடைய வாடிக்கையாளர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். சென்னைக்காரர் ஒரு விண்ணப்பத்தில் அந்த நாடுகளைக் குறிக்க முடியும். நம்மவர் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டத்தரணி, தனிக் கட்டணம் என்று அலைய வேண்டும். இலங்கை இம்முறையில் சேர்வது வடக்கின் சிறு தொழிலுக்குச் செய்யும் நேரடி உதவி.

பதிவா, பாவனையா, எது பெரிது? இங்கேதான் ஆழமான வேறுபாடு. இந்தியாவில் முதலில் பயன்படுத்தியவரின் கை ஓங்கும். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், பதிவு செய்தவரின் உரிமையைவிட முந்திப் பயன்படுத்தியவரின் உரிமை மேலானது என்று தீர்த்தது. இலங்கையில் தனியுரிமை பதிவால்தான் கிடைக்கிறது. பதியாதவருக்கும் வழி உண்டு: நேர்மையற்ற போட்டியைத் தடுக்கும் 160ஆம் பிரிவின்கீழ் வழக்கிடலாம். தன் பாவனையை அறிந்துகொண்டே மற்றவர் விண்ணப்பித்தார் என்றும் வாதாடலாம்.

ஆனால் இந்தியா மதிக்கும் பாவனை இந்தியாவுக்குள் அறியப்பட்டிருக்க வேண்டும். ஜப்பானில் 1997இல் வந்த 'பிரியஸ்' காரின் பெயரை, 2001 முதல் பயன்படுத்திய இந்திய உதிரிப்பாக நிறுவனத்திடமிருந்து டொயோட்டாவால் மீட்க முடியவில்லை. 2017இல் உச்ச நீதிமன்றம் அதன் கோரிக்கையை ஏற்கவில்லை. 'வேர்ல்பூல்' நிறுவனமோ 1977இல் இந்தியப் பதிவைக் காலாவதியாக விட்டும், எல்லை தாண்டிய புகழைக் காட்டி 1996இல் வென்றது. அந்தப் புகழ் நமது மிளகாய்த்தூளுக்கு இல்லை.

பேணுவதில் முதல் வேலை, காலாவதித் திகதியைக் குறித்து வைப்பது. தவறினால் இரு நாட்டிலும் மேலதிகக் கட்டணத்துடன் 6 மாத அவகாசம் உண்டு. இந்தியாவில் அதற்குப் பிறகும், காலாவதியாகி ஓராண்டு முடியுமுன் பதிவை மீட்க விண்ணப்பிக்கலாம். இரண்டாவது, பெயரைப் பாவனையில் வைத்திருப்பது. தொடர்ந்து 5 ஆண்டு பயன்படாத குறியை நீக்கக் கோரலாம்: இலங்கையில் நீதிமன்றத்திடம், இந்தியாவில் பதிவாளரிடம் அல்லது உயர் நீதிமன்றத்திடம். 1990இல் இடம்பெயர்ந்தபோது காணி உறுதிகளையே தொலைத்தவர்கள் வாழும் இடம் வலிகாமம் வடக்கு. ஆகவே விற்பனைச் சிட்டை, கப்பல் ஏற்றுமதிப் பத்திரம், அச்சடித்த சுட்டி எல்லாவற்றையும் படமெடுத்துக் கடல் கடந்த உறவினரிடமும் ஒரு பிரதி வைத்திருங்கள்.

பைக்கற்றையும் ஒருமுறை பாருங்கள். பெயரின் மேல்மூலையில், வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்து இருக்கும். கொழும்புப் பதிவை நம்பி அச்சிட்ட அந்த அடையாளத்துடன் சென்னையில் விற்றால், இந்தியாவில் பதியாததைப் பதிந்ததாகக் காட்டிய தவறாகிவிடும். இலங்கைப் பதிவு என்று தெளிவாகச் சொல்லுங்கள், அல்லது அந்த எழுத்தை எடுத்துவிடுங்கள்.

பைக்கற்றில் வரும் ஊர்ப்பெயரை மட்டும் எவரும் தனியே உரிமை கொண்டாடிவிட முடியாது; ஊரின் பெயரோடு அறியப்பட்ட பொருளுக்கு உள்ளது புவிசார் குறியீடு. உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இல் இந்தியாவின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. இலங்கையில் அத்தகைய பதிவுக்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. யாழ்ப்பாணப் பனங்கட்டிக்கு உற்பத்தியாளர்கள் சேர்ந்து அதைக் கேட்க வேண்டும். தனித்தனிக் குறிகளை அவரவர் காக்கட்டும். முதல் பெட்டி கப்பலேறுமுன், அது போகும் நாட்டில் விண்ணப்பம் போயிருக்கட்டும்.