நோய்க்குறியும் தமிழ்ச் சொல்லும்

இரத்தப் புற்று என்றவுடன் விரைந்து உயிர் கொள்ளும் நோயே பலர் நினைவிற்கு வரும். ஆயின், ஆண்டுக்கணக்கில் உடலோடு உறைந்து வருத்தும் வகைகளும் உள. எலும்பு மச்சை அளவிறந்து அணுக்களைப் பெருக்கும் சில நோய்கள் ஒரு குடும்பத்தன என்பதை வில்லியம் தாமசெக் என்னும் அமெரிக்க மருத்துவர் 1951-இல் எடுத்துக்காட்டினார். அவற்றுட் பலவற்றிற்கு வேரான ஜாக்-2 மரபணு மாற்றம் 2005-இல் புலனாயிற்று. இந்நோயுற்றார் படும் பாட்டை அளக்க, ரூபன் மேசா முதலிய ஆய்வாளர்கள் 2012-இல் பத்து வினாக்கள் கொண்ட சுருக்கப் படிவம் ஒன்றை வெளியிட்டனர். ஒவ்வொரு வினாவிற்கும் 0 முதல் 10 வரை எண்ணிடல் வேண்டும், கூட்டுத்தொகை நூறு.

நோயாளியின் சொல்லைச் சான்றாக ஏற்கும் இம்முறை எளியதன்று. ரக்சோலிட்டினிப் என்னும் மருந்தைப் பற்றி அதே 2012-இல் வெளிவந்த ஆய்வில், மருந்துண்டோருள் நூற்றுக்கு 45.9 பேருக்கு 24 வாரங்களில் நோய்க்குறிகள் பாதியோ அதற்கு மேலோ தணிந்தன. வெற்று மாத்திரை உண்டோருள் 5.3 பேருக்கே அங்ஙனம் தணிந்தன. இவ்வேறுபாட்டைக் காட்டியது நோயாளர் நாள்தோறும் தாமே குறித்த எண்ணாகும். எண் பிழைப்பின் மருந்தின் மதிப்பும் பிழைக்கும். எண்ணோ வினாவின் சொல்லைப் பற்றி நிற்பது.

இவ்வினாக்களைத் தமிழில் கேட்டால் என்ன நேரும்? ஜொகூரின் தென்மேற்குக் கரையிலுள்ள பொந்தியானை எடுத்துக்கொள்வோம். அன்னாசியும் செம்பனையும் விளையும் அம்மாவட்டத்தில், தோட்டத்தில் உழைத்து மூத்த ஒருவரிடம் "இரவில் வியர்க்கிறதா?" என்று வினவினால் "ஆம்" என்பார். நிலநடுக்கோட்டை அடுத்த அவ்வூரில் எந்த இரவில்தான் வியர்க்கவில்லை? குளிர்நாட்டாருக்கு நோயைக் காட்டும் வினா இங்கே வானிலையைக் காட்டி நின்றுவிடும். படுக்கை நனைந்து உடை மாற்ற நேர்ந்ததா என்று கேட்டாலன்றி உண்மை வெளிப்படாது.

அரிப்பும் அத்தகையதே. சிவப்பணு மிகும் நோயில் நீர் பட்டபின் தோல் முள்ளாய்க் குத்தும். நாளுக்கு இருமுறை மும்முறை குளிக்கும் நாட்டில் இது சிறு துன்பமன்று. எனினும் "அரிப்பு உண்டா?" என்றால் சொறி சிரங்கைக் கேட்பதாகவே கொள்வர், குளியலையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். பருத்த மண்ணீரல் இரைப்பையை நெருக்குவதால் நான்கு கவளத்தில் வயிறு நிறைந்துவிடும். அதனை "சோறு இறங்கவில்லை" என்பர் நம்மவர். பசியே எடாமைக்கும் அதே தொடர்தான். பசித்தும் உண்ண இயலாமை வேறு, பசியாமை வேறு என்பதை வினாவே பிரித்துக் காட்டல் வேண்டும்.

இவற்றினும் ஆராயத்தக்கன இரண்டு. மனம் ஒன்றில் நில்லாமையை "கவனக்குறைவு" என்று பெயர்த்தால் அது நோய்க்குறியாக ஒலியாது, குற்றச்சாட்டாக ஒலிக்கும். இயங்க மாட்டாமையைச் "செயலின்மை" என்றால் சோம்பல் என்று பொருள்படும். வாழ்நாளெல்லாம் விடியுமுன் எழுந்து மரம் சீவியவர் தம்மைச் சோம்பேறி என்று எழுதித் தருவாரா? சுழி என்றே இடுவார். இளிவரல் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் மூப்பையும் பிணியையும் தொல்காப்பியர் வைத்தமையை ஆசிரியர்கள் அறிவர். நோயுற்றார் நாணுவர் என்பது புதுச்செய்தியன்று. அந்நாணத்தைக் கிளறும் சொல்லை வினாவில் இடுவது பெயர்ப்பாளர் செய்யும் பிழை.

ஒரு மொழியில் பெயர்த்ததை வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி ஒத்துப்பார்க்கும் வழக்கம் உண்டு. சொற்பிழையை அது பிடிக்கும். சொல்லின் சாயலைப் பிடிக்காது. "கவனக்குறைவு" ஆங்கிலத்திற்குக் குறையின்றித் திரும்பிவிடும்.

"வாழ்க்கைத் தரம்" என்னும் தொடரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நோயிடையே ஒருவர் வாழும் நலத்தைச் சுட்டவும் அதுவே, கூலியும் வீடும் பற்றிய பொருளியல் நிலையைச் சுட்டவும் அதுவே. "உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி?" என்று கேட்டால் ஓய்வூதியத்தையும் பிள்ளைகளின் வேலையையும் பற்றி விடை வரும். "வாழ்நலம்" என்பது ஓரளவு பொருந்தும். "அறிகுறி" என்பதும் மருத்துவர் காண்பதையும் நோயாளி உணர்வதையும் ஒருங்கே குறித்து நிற்கிறது. ஈழத்தில் வழங்கும் "குணங்குறி" இன்று எடுத்தாளத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் கிறீன் காலந்தொட்டு அந்நாட்டார்க்கு இத்துறையில் பயிற்சி மிகுதி. திருவள்ளுவரும் "மருந்து" அதிகாரத்தின் 949-ஆம் குறளில் நோயின் அளவிற்கு முன்னே நோயுற்றவன் அளவை நிறுத்தினார்.

பொந்தியானில் இடர் இன்னும் ஒன்று கூடும். தாதி மலாயில் கேட்பார். மகனோ மகளோ தமிழாக்குவார். விடை மலாயில் திரும்பி ஆங்கிலத்தில் பதிவாகும். அசதி, களைப்பு, சோர்வு, அலுப்பு என்று தமிழில் நான்காய் நிற்பன இவ்வழியில் ஒன்றாய்க் கரையும். தூங்கி எழுந்தும் தீராத அசதியே இந்நோய்களில் மிகப் பலர் கூறும் குறி. வேலை செய்த களைப்போ ஓய்வில் தீர்வது.

இத்தனைக்கும் பின் பெரியவர் கூறும் விடை பெரும்பாலும் "பரவாயில்லை" என்பதே. நலம், முன்னைக்கு இப்போது மேல், தாங்கிக்கொள்ளலாம், உங்களுக்கு ஏன் தொல்லை என நான்கு பொருள் அதற்கு உண்டு. படிவத்தை நிரப்புவோர் அதற்கு இரண்டு என்றும் இடலாம், எட்டு என்றும் இடலாம். எந்தப் "பரவாயில்லை" என்று மறுமுறை கேட்க, படிவத்தில் இடம் விடப்படவில்லை.